கூரை வேண்டாம் என்றவள்

நவம்பர் 8

பேப்பரில் இன்றைக்கும் அதே தலைப்பு: புது ஸ்டேடியத்துக்குக் கூரை வேண்டுமா? பஃபலோவில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? ஏரி மேலிருந்து பனி வந்து கொட்டுகிற ஊரில், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறோம். பிடிக்காதவன் ஃப்ளோரிடாவுக்குப் போய் வெயில் காயட்டும், யார் வேண்டாம் என்றது?

காபி ஆறுவதுகூடத் தெரியாமல் ஜெரோமுக்குப் படித்துக் காட்டினேன். அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "போட்டா என்ன மோ, குறைஞ்சா போயிடும்?" என்றான். என்னை அவன் கூப்பிடுவது மோ என்றுதான். கல்யாணமான வருடத்திலிருந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பனியில் ஆட்டம் பார்த்த மனுஷன் பேசுகிற பேச்சு. கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று வந்தது எனக்கு.

நவம்பர் 9

பேசவில்லை. அவனும்தான்.

நவம்பர் 16

ஜெயித்தோம். எதிரே பத்தடியில் இருப்பவன் தெரியாத பனி. எதிரணிக்காரர்கள் பந்தைப் பிடிப்பதும் நழுவ விடுவதுமாக இருந்தார்கள். பாவம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

முன் வரிசை ஓடெல் வழக்கம்போல அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் கொண்டு வந்திருந்தான். தபால்காரன், அவனுக்கு அட்டைக்கா பஞ்சம்? ஆளுக்கு ஒரு துண்டு, காலுக்குக் கீழே. வெறும் சிமெண்டில் பூட்ஸ் வைத்தால் குளிர் எலும்பு வரை ஏறும். இங்கே பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். எங்களுக்குப் பின்னால் எதிரணிச் சட்டையில் ஒரு பெண்பிள்ளை, துணி ஷூ போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். ஓடெல் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, கடற்கரைக்குன்னு கிளம்பி வழி தவறிட்டியா?" என்றான். சுற்றி எல்லோரும் சிரித்தோம். ஜெரோம் குனிந்து தன் அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டான்.

"உனக்கு?" என்றேன்.

"ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கேன். ஆட்டத்தைப் பாரு."

கடைசி விசில் வரை எழுந்திருக்கவில்லை. எங்கள் வரிசையில் யாரும் முன்னாடி எழுந்து போவதில்லை. அப்படிப் போனவனை அடுத்த சீசன் வரை ஓட்டி எடுப்போம்.

நவம்பர் 17

அவன் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. இடது காலில். ராத்திரியெல்லாம் வலியை வாயே திறக்காமல் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கிறான். ஏண்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் அட்டையைக் குடுத்திருக்க மாட்டேனா? எழுந்து உள்ள கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா?

"ஓட்டுவியே" என்கிறான்.

டிசம்பர் 12

இரண்டு விரல்களின் நுனியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் பெண் சின்ன வயசு, ஆனால் கறார். ரத்த ஓட்டம் ஏற்கெனவே சரியில்லையாம். இனி குளிரில் மணிக்கணக்காக உட்காரக் கூடாது, இன்னொரு தடவை ஆனால் பாதம் போகும் என்றாள்.

"ஸ்டேடியத்துலயா?" என்று ஜெரோம் கேட்டான்.

"எங்கயுமே" என்றாள்.

காரில் வரும்போது ரேடியோவை நான்தான் அணைத்தேன். அதிலும் கூரைப் பேச்சு.

டிசம்பர் 14

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கூரை வந்தால் அவன் என் பக்கத்தில் உட்காருவான். வராவிட்டால் நான் தனியாக உட்கார வேண்டும். அதற்காக நான் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா? மூடிய பெட்டிக்குள் ஆடுவதை யார் பார்ப்பது? அது ஷாப்பிங் மால். மாட்டேன்.

ஜனவரி 4

ஏரி மறுபடியும் கொட்டிவிட்டது. ஸ்டேடியத்தில் இருக்கைகளே தெரியவில்லை. பனி அள்ள ஆள் வேண்டும் என்று அறிவித்தார்கள். என் மண்வாரியை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்கூல் பஸ் ஓட்டின காலத்திலிருந்து அது என் கூடவே இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் அள்ளலாம் என்றார்கள். எல்லோரும் என்ன செய்வார்கள், நேராகத் தங்கள் தங்கள் இருக்கையைத் தோண்டப் போனார்கள். மேற்பார்வைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நடைபாதை அப்படியே மூடிக் கிடக்க, அங்கங்கே ரெண்டு ரெண்டு இருக்கை மட்டும் குழிக்குள் பளிச்சென்று தெரிந்தது.

நானும் இரண்டைத் தோண்டினேன்.

ஓடெல் பார்த்துவிட்டு, "அண்ணன்தான் வரப்போறதில்லையே அக்கா, அதை எதுக்கு?" என்றான்.

"அவன் இடத்துல பனி கிடக்கிறது எனக்குப் பிடிக்கல. உன் வேலையைப் பாருடா."

அவன் ஜெரோமின் இருக்கைக் கைப்பிடியைக் கையுறையால் துடைத்துவிட்டுப் போனான்.

ஜனவரி 5

தோற்றோம். பக்கத்து இருக்கையில் ஒருத்தி பையை வைக்க வந்தாள். ஆள் இருக்கு என்றேன்.

ஜனவரி 22

இன்று பொதுக்கூட்டம், மேல்நிலைப்பள்ளி ஜிம்மில். கூரை வேண்டாம் என்று பேச நவம்பரிலேயே பெயர் கொடுத்திருந்தேன். ஜெரோமும் வருகிறேன் என்று கைத்தடியோடு காரில் ஏறினான்.

ஜிம் கூரையில் பனி உருகி மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே வாளி வைத்திருந்தார்கள். என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து அந்த வாளியைத்தான் காட்டினேன். "கூரை கூரைன்னு கேக்குறீங்களே, இதோ இருக்கு உங்க கூரை" என்றதும் ஜிம்மே சிரித்தது. அப்புறம் விடவில்லை. வெளியூர்க்காரன் வந்து வழுக்கி விழுகிற மைதானம் நமக்கு மட்டும்தான் இருக்கு, அதை ஏன் மூடணும்; சொகுசா பார்க்கணும்னா வீட்டுல டிவி இருக்கு; என்னை மூக்கு சிவக்க அங்கேயே உட்கார விடுங்க என்றேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

அடுத்து கூப்பிட்ட பெயர் ஜெரோம் டூலி.

எனக்குத் தெரியாது. பெயர் கொடுத்ததை என்னிடம் சொல்லவே இல்லை. மெதுவாக நடந்து மைக் வரை போனான்.

"இப்ப பேசினது என் வீட்டுக்காரி. அவ சொன்னதெல்லாம் சரிதான், பதில் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. எனக்கு ரெண்டு விரல் போயிடுச்சு. இனிமே குளிர்ல உட்காரக் கூடாதாம். எனக்கு அவ பக்கத்துல உட்கார்ந்து ஆட்டம் பார்க்கணும். அதான் கூரை கேக்குறேன்."

அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தான். ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

காரில் கத்தினேன். "ஊர் முன்னாடி என்னைக் கல்நெஞ்சக்காரி ஆக்கிட்டியே. இதுக்காக மாறிடுவேன்னு நினைச்சியா?"

"மாறச் சொல்லலையே மோ. நீ மாறினா எனக்கு நீ யாருன்னே தெரியாமப் போயிடும்."

ஹீட்டரை அவன் கால் பக்கம் திருப்பிவிட்டேன்.

மார்ச் 19

முடிவு வந்துவிட்டது. திறந்த ஸ்டேடியம். மேல் வரிசைகளுக்கு மட்டும் ஒரு பாதிக் கூரை, அதற்குக் கீழே சூடு காட்டும் விளக்குகள். மற்றபடி வானம்தான். ஓடெல் போனில் கூவினான். ஜெரோம் எனக்குப் பிடித்த எலுமிச்சை கேக் வாங்கி வந்தான்.

"ஜெயிச்சுட்டியே, சந்தோஷமா?"

சந்தோஷம்தான்.

மார்ச் 20

சந்தோஷம்தான் என்கிறேனே.

செப்டம்பர் 6

புது இருக்கை தேர்ந்தெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜை மேல் ஸ்டேடியத்தின் சின்ன மாதிரி வடிவம். விற்பனைப் பெண் எங்கள் முகத்தைப் பார்த்ததும் மேல் வரிசையைக் காட்டி, சூடா இருக்கும், வயசானவங்களுக்கு வசதி என்றாள். யாருக்கடி வயசு என்று வாய் வரை வந்தது.

"நான் கூரைக்குக் கீழ உட்கார மாட்டேன்" என்றேன்.

"அவ உட்கார மாட்டா" என்றான் ஜெரோம். "எனக்கு மட்டும் மேல ஒண்ணு குடுங்க. அவளுக்குக் கீழ. முடிஞ்சதும் வாசல்ல பார்த்துக்கிறோம்."

விளையாட்டாகத்தான் சொன்னான். முகம் அப்படி இல்லை.

அந்த மாதிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டைக் கூரை, அதன் விளிம்பு. விரலை வைத்துக் கேட்டேன், "இது எந்த வரிசையில முடியுது?"

அந்தப் பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "இந்த வரிசை வரைக்கும். ஆனா அதுக்கு முன் வரிசையை யாரும் கேக்குறதில்ல மேடம். விளிம்புல சேர்ற பனியெல்லாம் உங்க கழுத்துலதான் விழும்."

"அதுதான் வேணும். எனக்கு அது. எனக்கு நேர் பின்னாடி இவருக்கு."

ஜெரோம் என்னைப் பார்க்காமல் குனிந்து அந்த இரண்டு வரிசையையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

நவம்பர் 23 (புது ஸ்டேடியம், முதல் பனி)

மூன்று வருடம் கட்டினார்கள். இன்றுதான் ஏரி மனது வைத்தது. கூரை விளிம்பிலிருந்து கழுத்துக்குள் மூன்று முறை பொத்தென்று விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. ஓடெல் எங்கள் பக்கத்திலேயே இடம் வாங்கியிருக்கிறான். சூட்டு விளக்கின் கீழே காய்ந்த சிமெண்டில் கால் வைத்திருக்கிற ஜெரோமுக்கும் ஓர் அட்டை கொண்டு வந்திருந்தான்.

எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. கூரை வேண்டாம் என்பதில் இன்றைக்கும் மாற்றமில்லை, யார் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டாம் பாதி முழுக்க ஜெரோம் குனிந்து குனிந்து என் தொப்பியிலிருந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். "விடேன், இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"ஆட்டத்தை மறைக்குது" என்றான்.

தட்டிவிட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. கடைசி விசில் வரை என் தோளிலேயே இருந்தது. கை சூடாகத்தான் இருந்தது.