பிடுங்கிப் போன கறிவேப்பிலைச் செடி

பிரியமுள்ள ரெபேக்காளுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? திருத்தணியில் மழை உண்டா?

ஆஸ்திரேலியப் பயிர்களை அந்நியப் பூச்சிகளிடமிருந்து காப்பதுதான், நாற்பத்தேழு வயதில் நான் இங்கே வந்து செய்யும் முனைவர் படிப்பு. ஞாயிறுதோறும் எனக்குச் சோறு போடும் நம்மூர்ப் பக்கத்துப் பள்ளிப்பட்டுக்காரி யுவஸ்ரீயின் கறிவேப்பிலைச் செடியிலேயே சந்தேகமான பூச்சியைப் பார்த்தேன். தகவல் சொல்லித்தானே ஆக வேண்டும்? அதிகாரிகள் வந்து செடியைப் பிடுங்கிப் போய்விட்டார்கள்.

"ஏன் பாவா, எங்கூட்டுச் சோத்தத் துன்னுகினே எஞ்செடியப் புடுங்க ஆள் கூட்டினு வந்தியா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். இப்போது என் முகத்தையே பார்ப்பதில்லை.

நியாயமா இது? பூச்சியை நானா வளர்த்தேன்? பேராசிரியர் பாராட்டித் தோளில் தட்டுகிறார். அதில் வயிறு நிறையுமா?

ரசம் வைப்பது எப்படி என்று உடனே எழுது, கறிவேப்பிலை இல்லாமல். பஸ் வந்துவிட்டது.

உன்,
ஜெபஸ்டின்