லிட்டருக்குப் பதிமூன்று

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். கப்பலில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

சின்னவள் ஒருவழியாகக் கணக்கில் தேறிவிட்டாள். அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப் போகிறேன்.

அந்தக் காரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நம் காரும் உங்கள் தம்பி காரும் ஒரே மாடல், ஒரே வாரத்தில் வாங்கியவை. போன மாதம் தம்பி பெண்டாட்டி வந்து, "எங்களுக்கு லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கிடைக்குது, உங்களுக்கு எவ்வளவு அக்கா?" என்று கேட்டாள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி டேங்கை வழிய நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன். பதிமூன்று! அவளிடம் பதினெட்டு என்று சொல்லிவைத்தேன். வயிறு எரிந்தது. அவளுக்கு மட்டும் எல்லாம் எப்படித்தான் அமைகிறதோ!

மெக்கானிக்கிடம் மூன்று முறை போனேன். "அக்கா, வண்டி குதிரை மாதிரி இருக்கு, இனிமே கழட்ட ஒண்ணுமில்ல" என்று கும்பிடு போட்டுவிட்டார். பெட்ரோல் திருடுகிறாரோ என்று வாட்ச்மேனைக்கூடச் சந்தேகப்பட்டேன். பாவம் அந்த மனுஷன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன், திட்டாதீர்கள். காரில் ஏதோ சத்தம் வருகிறது, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்று தம்பியிடம் பொய் சொல்லி, கார்களை மாற்றிக்கொண்டேன். அவள் பீற்றலின் குட்டு உடையட்டும் என்றுதான்.

அவள் கார் என் கையில் பன்னிரண்டரை கொடுத்தது. நம் கார் அவர்களிடம் இருபத்தொன்று! தம்பி சிரித்துக்கொண்டே, "சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. பள்ளிக்கூடம், கடைன்னு பொடிநடையா போற தூரத்துக்கே ஓட்டுறீங்க. இன்ஜின் சூடாகுறதுக்குள்ள அணைச்சிடுறீங்க. எப்பவாவது நீள ரோட்டுல விடுங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

அவர்கள் நம் காரில் கடற்கரைக்குப் போய் வந்திருக்கிறார்கள். முன் சீட்டின் அடியில் மணல் கிடந்தது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டு நன்றாகச் சாய்ந்திருந்தது. தம்பி ஓட்ட, அவள் கால் நீட்டித் தூங்கிக்கொண்டு போயிருப்பாள். நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து மூன்று வருடமாகிறது. அவள் மேல் இருந்த பொறாமை போய், இப்போது நம் கார் மேலேயே பொறாமையாக இருக்கிறது. அதுவாவது கடலைப் பார்த்துவிட்டு வந்ததே.

ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டப்போவதாக அத்தையிடம் சொன்னீர்களாமே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். சாய்ந்த சீட்டை நான் நிமிர்த்தவில்லை. அத்தையைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி