முத்திரைப் பெட்டிச் சாவி

தாராவி,
மார்ச் 1986

மகளுக்கு,

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் அலமாரியிலிருந்து வர்த்தக சங்கத்தின் முத்திரைப் பெட்டிச் சாவியை எடுத்து உன் மாமனாரிடம் கொடுத்துவிட்டாய். அது தப்பு.

எழுபத்தெட்டில் ஒன்பது தோல் பட்டறைக்காரர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கிய அன்றே சொன்னேன்: பெட்டி தலைவர் வீட்டில், சாவி செயலாளரான என் வீட்டில். தனியாக யாரும் முத்திரை வைக்கக் கூடாது. என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் தலைவர், உன் மாமனார், சிரித்தார். "ஏன் காக்கா, என்னைய நம்பலியா?"

"என்னையவே நம்பலடே" என்றேன்.

இன்று இருநூற்றுப் பத்து பேர். அத்தனை பேரும் தாராவியைக் காலி செய்யச் சம்மதம் என்று அவர் அரசாங்கத்துக்கு முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். அவருக்கு வெளியே மாற்று இடம் கிடைக்கும். லைசென்ஸ் இல்லாத அறுபது குடிசைப் பட்டறைக்காரர்களுக்குக் கிடைக்காது. நேற்று அவர்களில் ஒருவனான பூதத்தான் வந்து, "பாய், நீங்களுமா சம்மதிச்சீய?" என்றான். சாவியை எடுத்தது நீ என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் மறுப்புக் கடிதம் போகாவிட்டால் எல்லாம் போயிற்று. அப்போதும் நான் தனியாக முத்திரை வைக்க மாட்டேன்.

ஆகவே, பூதத்தான் அறுபது பேரிடமும் கைநாட்டு வாங்க வேண்டும். நான் கடிதம் எழுத வேண்டும். உன் மாமனார் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும். அவரை நீதான் அழைத்து வர வேண்டும். முத்திரை வைத்து முடிந்ததும் சாவியை என்னிடம் தராதே. தினமும் உன்னைப் பற்றிக் கேட்கிற உம்மாவிடம் கொடு. எடுத்த இடத்தில் அவள் வைக்கட்டும்.

உன் வாப்பா