பிரிக்காத சீட்டு

பிப்ரவரி 3, ஞாயிறு

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ கிளம்பி இன்றோடு நாலு வாரம். "போய்ச் சேர்ந்ததும் எழுதுறேன்"னு சொன்ன ஆள் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. புது சலவைக்கூடத்துக்கு மேனேஜர் ஆகிவிட்டால் அக்காவுக்கு நாலு வரி எழுதக் கூடாது என்று சட்டமா? உன் வீட்டுக்காரிக்கு இருமல் நின்றதா?

இங்கே எல்லாம் பழையபடிதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வருகின்றன. துவைக்கிறோம், உருளை மெஷினில் விட்டு இஸ்திரி போடுகிறோம், மடித்து அனுப்புகிறோம். மறுநாள் அதே விரிப்பு அதே கறையோடு வந்து நிற்கிறது.

இன்று பூட்டுக்கடை மாடியில் நம்ம ஞாயிறு கூட்டம். பதினாலு பேர் வந்தோம். பாட்டை உன் மாமாதான் எடுத்தார். கடவுள் பொறுமைசாலி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு சீட்டு. நீ ஆரம்பித்து வைத்த வழக்கம், ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. பெயர் போடாமல் அவரவர் வேண்டுதலை எழுதி பிஸ்கட் டின்னில் போட்டோம், குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுத்தோம். உன் பேரில் நானே ஒன்று எழுதிப் போட்டேன், உனக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்று. உன் பங்குக்கு ஒன்று எடுத்தும் வைத்தேன். பிரிக்கவில்லை. குண்டூசி குத்தி இதோடு வைத்திருக்கிறேன். ஏழு நாள் சட்டைப்பையில் வைத்து வேண்டிக்கொண்டு கிழித்துவிடு. நீ சொன்ன விதிதான், என்னைத் திருப்பிச் சொல்ல வைக்காதே.

என்னோடு விரிப்பு மடிக்கிற நெட்டையும் வந்திருந்தாள். வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நாலும் போய்விட்டது, தெரியும்தானே. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளே அவசரப்பட்டுத் தடுப்புக் கம்பியைத் துணியால் கட்டி வைத்தாள், அதனால்தான் கை பட்டும் உருளை நிற்கவில்லை என்று இங்கே சூப்பர்வைசராக இருந்தபோது நீ அறிக்கையில் எழுதியதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அவள் "நான் கட்டல"ங்கிறாள். பின்னே யார் கட்டினது என்று கேட்டால் "விடு"ங்கிறாள். என் தம்பி எழுதினால் பார்த்துத்தான் எழுதியிருப்பான் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். மார்ச் 7 விசாரணை. அறிக்கையில் உனக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.

உன் பாசமுள்ள
அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. இங்கே மூச்சு விட நேரமில்லை. நாற்பது பேருக்கு நான் ஒருத்தன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இருமல் நின்றுவிட்டது. சோறும் வேளைக்குக் கிடைக்கிறது, உன் சீட்டு பலித்துவிட்டது என்று மாமாவிடம் சொல்.

நீ அனுப்பிய சீட்டில் யாரோ முழங்கால் வலிக்கு வேண்டச் சொல்லியிருக்கிறார்கள். பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். தெரியாத ஒருவருக்காக வேண்டும்போதுதான் மனசு சுத்தமாகிறது. அதற்குத்தான் பெயர் போட வேண்டாம் என்று அன்று சொன்னேன்.

விசாரணையைப் பற்றி நீ ஒன்றும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்து உன்னுடையதா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். நெட்டைக்கு நேர்ந்தது எனக்கும் கஷ்டம்தான். அவளுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 17, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சீட்டு பலித்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இனி பாட்டையும் விடமாட்டார்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு முனையை நெட்டை பிடிப்பாள், இந்தப் பக்கம் நான். உதறி, நடந்து வந்து, அவள் கையில் என் முனையைக் கொடுப்பேன். பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் முகத்துக்கு நேரே போய் நின்றிருப்பேன்! இப்போது ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பெண்தான். ஆனால் நான் நடந்து போகும்போது அங்கே நெட்டை இல்லை என்பது ஒவ்வொரு விரிப்புக்கும் புதிதாகத் தெரிகிறது. நம்ம கூட்டத்தில் அன்பு, அன்பு என்று வாய் வலிக்கப் பேசுவோமே, அது இவ்வளவுதானோ என்று தோன்றியது. எதிர் முனையைப் பிடிக்க ஒரு ஆள்.

இன்று கூட்டத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். இடது கையால் எழுதப் பழகுகிறாள். சீட்டை எழுதி முடிக்க அவளுக்குப் பாட்டு முழுசும் ஆனது.

உன் பங்கு சீட்டு இதோடு இருக்கிறது. வழக்கம்போல் பிரிக்கவில்லை.

உன் பாசமுள்ள
அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

இப்படிச் செய்வாய் என்று நினைக்கவே இல்லை. நீ அனுப்பிய சீட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "கம்பியை நான் கட்டவில்லை. கட்டினவரை எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல அவருக்குத் தைரியம் வர வேண்டிக்கொள்ளுங்கள்." எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. யார் எழுதியது என்று எனக்குத் தெரியாதா? இது குலுக்கலில் வந்ததா, நீ பொறுக்கி எடுத்ததா? நேரே கேட்க வாய் இல்லாமல் கடவுளை நடுவில் நிறுத்துகிறாயா?

சரி, கேட்டுக்கொள். அன்றைக்கு ஒரு நாள்தான் கட்டினேன். அந்தக் கம்பி கொஞ்சம் துணி பட்டாலே மெஷினை நிறுத்திவிடும். இரண்டு வார்டுக்கு விரிப்பு இல்லை, மேலே இருந்து போன் மேல் போன். நான் கட்டிவிட்டு மதியம் அவிழ்த்துவிடலாம் என்றிருந்தேன். மறந்துவிட்டேன். மறந்ததற்கு ஒருத்தன் வாழ்க்கையையே தொலைக்க வேண்டுமா? நான் எழுதாவிட்டால் வேறொருத்தன் எனக்கு எதிராக எழுதியிருப்பான்.

சீட்டைக் கிழித்துவிட்டேன். ஏழு நாள் வைக்கவில்லை. நீயும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி


பிப்ரவரி 24, ஞாயிறு

தம்பி,

எனக்குத் தெரியாது. மாமா மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்தச் சீட்டை நான் பிரிக்கவில்லை. டின்னுக்குள் கையை விட்டேன், வந்ததை ஊசி குத்தி அனுப்பினேன். அதுவாக உன்னிடம் வந்தது. நீ மனசுக்குள் பிரிக்காமல் வைத்திருந்ததையெல்லாம் நீயாகவே பிரித்து எனக்கு எழுதிவிட்டாய்.

அறிக்கையை நான் படிக்கவே இல்லை, தெரியுமா? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இங்கே போடுக்கா" என்றாய், போட்டேன். கூடப் பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவார்கள்? இப்போது அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? அவள் "விடு" என்றது எனக்காக. என் தம்பி என்பதால் உன் பெயரை என் காதில் போடாமல் இருந்திருக்கிறாள். நானோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய மனசு காட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

நீ வா. 7-ஆம் தேதி வந்து, நான்தான் கட்டினேன் என்று சொல். வேலை போனால் போகட்டும். என் வீட்டில் வந்து இரு, இருப்பதைச் சாப்பிடுவோம். அவளுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதினாயே, என்ன கேட்டாய் கடவுளிடம்? எனக்குப் புரியவில்லை, சத்தியமாகப் புரியவில்லை.

அக்கா


மார்ச் 1

அக்கா,

என்னால் வர முடியாது. உள்ளே போட்டுவிடுவார்கள். உன் வாயால் அது நடந்தால் உன் வயிறு குளிருமா? அம்மா போகும்போது "தம்பியைப் பார்த்துக்கோ"ன்னு உன்னிடம்தான் சொன்னாள்.

எனக்கும் நிம்மதி இல்லை. இதோடு ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். டின்னில் போட்டுவிடு. யாராவது எடுக்கட்டும்.

தம்பி


மார்ச் 17, ஞாயிறு

தம்பிக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. நீ பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

நீண்ட மேஜை, மூன்று பேர், ஒரு தண்ணீர் ஜாடி. "இது உங்க கையெழுத்துதானா?" என்று கேட்டார்கள். உன் இருபதாம் தேதிக் கடிதம் என் மடியில் இருந்த பையில் இருந்தது. நான் கிழிக்கவில்லை. எடுத்துக் கொடுக்கத்தான் கொண்டுபோனேன். பையின் ஜிப்பைக்கூடத் திறந்துவிட்டேன். கண்ணாடிக்காரர் "சொல்லுங்கம்மா" என்றார். எனக்கு அம்மா நினைவு வந்தது. நீ சின்னதில் காய்ச்சலோடு என் தோளில் தூங்கியது நினைவு வந்தது. "ஆமாங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னபடியே, அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நெட்டையிடம் ஒரு காகிதம் நீட்டினார்கள். "தவறு என்னுடையது, இனி எங்கும் புகார் செய்யமாட்டேன்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் நல்ல பெயரோடு விலகலாம், இல்லாவிட்டால் வேலையிலிருந்து நீக்கியதாக எழுதுவார்கள். இடது கையால் போட்டாள். வெளியே வந்து என்னைப் பார்த்து, "நடந்தா போறே? வெயிலா இருக்கு" என்றாள். அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே படித்தாள். படித்து முடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏழாம் தேதி இதை எங்க வச்சிருந்தே?"

"பையில" என்றேன்.

கடிதத்தை நெஞ்சில் அழுத்திவைத்து இடது கையால் மடித்தாள். வெகுநேரம் ஆனது. நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அவர் கட்டினது எனக்கு முன்னாடியே தெரியும். உன்னைத்தான் தெரியாம இருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கதவைச் சாத்தினாள்.

இன்று கூட்டத்துக்கு அவள் வரவில்லை. இனி வரமாட்டாள். மற்றவர்கள் பாடினார்கள், குலுக்கினார்கள், எடுத்தார்கள். ஒருத்தரும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுடைய நாற்காலியில் குடைகளை வைத்திருந்தார்கள். கடவுள் அந்த மாடியில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தார் என்றால், அந்தச் சீட்டு உன் கைக்கு வந்த அன்று வந்தார். நீ கிழித்தாய், நான் ஜிப்பை மூடினேன். அதற்குமேல் அவர் என்ன செய்வார்?

உன் சீட்டை டின்னில் போடவில்லை. போட்டால் ஒன்றும் தெரியாத யாராவது எடுத்து, யாரோ பாவம் என்று உனக்காக உருகி உருகி வேண்டிக்கொள்வார்கள். அவர்களை அப்படி ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால் நானே ஏழு நாள் வைத்திருந்தேன். தினமும் எடுத்துப் பார்த்தேன். வேண்ட வாய் வரவில்லை. கிழிக்கவும் கை வரவில்லை. அதனால் திருப்பி அனுப்புகிறேன்.

கூடவே என் சீட்டும் இருக்கிறது. பிரித்துப் பார்க்காமல் கிழித்துவிடாதே. அதில் ஒன்றும் எழுதவில்லை.

அக்கா