நெஞ்சில் வைத்த கை

செர்வாவின் அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில், மார்பு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பஞ்சுப் பொதியைத் துவைத்து, கொடியில் உங்கள் சட்டைக்குப் பின்னால் மறைத்துக் காயப்போட்டேன். நீங்கள் வேலை பார்க்கும் தக்கோராடியில் மழையா? இங்கே குமாசியில் நல்ல வெயில்.

சனிக்கிழமை உங்கள் பெரியம்மாவின் துக்கச் சடங்கில் அடோவா ஆடினேன். பாதி ஆட்டத்தில் பொதி நழுவி வயிற்றுக்கு இறங்கிவிட்டது. புற்றுநோய்க்காக மார்பை எடுத்த இடத்தை இடக்கையால் மூடிக்கொண்டே ஆடி முடித்தேன். அடோவாவில் நெஞ்சில் கை வைத்தால் தாங்க முடியாத துக்கம் என்றுதானே நம் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள்? பெண்கள் ஓடிவந்து என் தலைக்கு மேல் இரண்டு விரல் நீட்டிப் பாராட்டினார்கள்.

"பாருங்கடி, நம்ம மருமக எப்படி உருகுறா! பெத்த மக அங்க உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருக்கா!" என்றார் உங்கள் அக்கா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் பாராட்டினார்கள்.

"நீ உயிரோட இருக்கியே, எனக்கு அது போதும்" என்று போனில் சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் விளக்கை நீங்கள்தான் முதலில் அணைக்கிறீர்கள்.

வயிற்றுச் சதையை எடுத்துப் புது மார்பு அமைக்கலாம் என்கிறார் டாக்டர். சதை ஒட்டாமல் போகலாம், மறுபடி திறக்க நேரலாம். ஆனாலும் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நிறைவாக இருக்கிறார்களாம். "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வாங்கம்மா" என்றார்.

நான் கேட்கப்போவதில்லை. இன்னும் யாருக்கும் தெரியாது: ஈஸ்டர் முடிந்ததும் செய்துகொள்ளப்போகிறேன். உங்களுக்காக அல்ல. எனக்கு வேண்டும்.

உங்கள் மனைவி