இடப்பக்கம் பிடித்த குழல்

நேற்று வெம்பிளியில் ஒரு கடையில் யாரோ பாதாம் எண்ணெய்ப் போத்தலைக் கை தவறி உடைத்துவிட்டார்கள். கடைக்காரர் கடதாசி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் ஹரோ வீட்டுக் குசினி மேசையில் நீங்கள் மரக்குழலுக்கு அதே எண்ணெயைப் பூசும் காலைநேரங்கள் அப்படியே திரும்பி வந்தன. "மரமெல்லோ, காய விட்டால் வெடிச்சுப்போகும்" என்று சொல்லிக்கொண்டே, தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் பூசுவீர்கள்.

நீங்கள் இல்லாமல் மூன்று வருடங்கள் ஆகின்றன. உங்களோடு பேசி முடிக்காத ஒரு விஷயம் இன்னும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் உலோகப் புல்லாங்குழல் பழகி, அகதியாக ஜேர்மனிக்குப் போய், உணவகத்தில் கோப்பை கழுவியபடியே இசைக் கல்லூரியிலும் படித்தவர் நீங்கள். அங்கே உலோகக் குழலை வைத்துவிட்டு, முன்னூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய இசைக்கான மரக்குழலை எடுத்தீர்கள். அதில் உலோகக் குழலைப் போல நிறைய விசைகள் இல்லை, சுண்டுவிரலால் அழுத்தும் விசை ஒன்று மட்டும் இருக்கும். லண்டனுக்கு வந்து என்னைக் கலியாணம் செய்த பிறகு சொந்தமாக ஒரு குழுவைத் தொடங்கி, நடத்துநராகவும் நின்றீர்கள். கோல் பிடிக்காமல் வெறுங்கையால்தான் நடத்துவீர்கள். நிகழ்ச்சித் தாள்களில் உங்களைப் பன்முகக் கலைஞர் என்று போடுவார்கள். நான் அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்தேன். கலியாண வீடுகளில் யாராவது, "குழல் வாசிக்கிறவர் எண்டால் எங்கடை கோயில் திருவிழாவிலையும் வாசிக்கலாமே?" என்று கேட்டால், உங்களுக்கு முதல் நான் முந்திக்கொண்டு, "அது வேறை குழல்" என்பேன்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டில் உங்கள் சாதகம் நின்றது. ஊரில் போர் கடைசிக் கட்டத்தில் இருந்த மாதங்கள் அவை. தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் நடுவில் எவருக்கும் நித்திரை இல்லை. உங்களுக்கும் மனம் வரவில்லையாக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நீங்கள் சொன்ன காரணம் வேறு. "பக்கத்து வீட்டு மனிசி சத்தம் எண்டு சொல்லுறா. கிழக்கு லண்டனிலை, பார்க்கிங் எண்ட ஊரிலை ஒரு சேர்ச் ஹோல் கிடைச்சிருக்கு, அங்கை போறன்."

பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா வேலியடியில் என்னைக் கண்டதும், ஏன் இப்போது குழல் கேட்பதில்லை, உங்கள் கணவருக்குச் சுகமில்லையா என்று கேட்டார். சத்தம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

அதன்பிறகு நான் எல்லாவற்றையும் கவனிக்கத் தொடங்கினேன். நீங்கள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவது. சாப்பிடும்போது வலது கையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியை இடது கையால் பிடிப்பது. நான் அறைக்குள் வந்தால் கையைச் சட்டைப் பைக்குள் விடுவது. அந்தக் கையில் ஒரு புது மோதிரம் இருக்கும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். பிறகு உங்கள் குழுவில் பியானோ போன்ற பழைய ஹார்ப்சிகார்ட் வாசிக்கும் ஹெலன் அழைத்தார். நீங்கள் சுகமில்லை என்று சொல்லி ஒத்திகைக்கு வராமல் இருக்கிறீர்களாம். எப்போது தேறுவீர்கள் என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் அப்போதும் குழல் பெட்டியோடு வெளியேதான் போயிருந்தீர்கள்.

அடுத்த முறை நீங்கள் காரில் புறப்பட்டதும் நான் ரெயிலில் ஏறினேன். ஹரோவிலிருந்து பார்க்கிங் வரைக்கும் லண்டனின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவது போன்ற பயணம். வழி முழுக்க, கதவைத் திறந்ததும் என்ன சொல்வது என்பதையே யோசித்தேன். உங்களோடு அங்கே இருக்கப்போகும் பெண்ணின் முகத்தைக்கூட நானே மனதில் செய்து வைத்திருந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஹோலைக் கண்டுபிடித்தபோது உள்ளே குழல் கேட்டது. சுருதி சேராமல், மூச்சு சிந்தி, ஏறத் தெரியாமல் ஏறும் சத்தம். இப்போதுதான் பழகத் தொடங்கிய ஒருத்தி. அவளுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று முடிவுசெய்து கதவைத் தள்ளினேன்.

ஹோலில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். விசையே இல்லாத, துளைகள் மட்டும் கொண்ட மிகப் பழைய வகைக் குழல் ஒன்றை உதட்டில் வைத்திருந்தீர்கள். ஏதோ கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. பிறகுதான் விளங்கிற்று, எப்போதும் வலப்பக்கம் நீளும் குழல் இடப்பக்கம் நீண்டிருந்தது.

"இஞ்சை ஏன் வந்தனீர்?" என்றீர்கள்.

"ஆர் பழகுறது எண்டு பாக்க வந்தனான்."

"நான்தான் பழகுறன்."

வலது கையை நீட்டிக் காட்டினீர்கள். சும்மா இருக்கும்போது அது நல்ல கை. மெல்லிய எதையாவது பிடித்தால் விரல் மடங்கப் பார்க்கும். குழலின் கீழ்த் துளைகளுக்குக் கொண்டு போனதும் சுண்டுவிரல் தானாக உள்ளே மடங்கி, பக்கத்து விரலையும் இழுத்தது. வைத்தியரிடம் போயிருக்கிறீர்கள். வாசிப்பவர்களுக்கு இப்படி வருவதுண்டு, குணமாகும் என்று சொல்ல முடியாது என்றாராம். கையை மாற்றி, வலது விரல்களை மேல் துளைகளில் வைத்தால் அவை நின்றன. அதனால்தான் ஒரு குழந்தையைப் போல முதலிலிருந்து பழகினீர்கள்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

நீங்கள் குழலைத் துடைத்தீர்கள். "ஜேர்மனியிலை இருந்தே."

அப்படியே ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். உலோகக் குழலைக் கைவிட்டதும், மரக்குழலுக்கு வந்ததும், நடத்துநராக நின்றதும், கோல் பிடிக்காததும் ஒன்றன்பின் ஒன்றாக வேறு முகம் காட்டின. நான் கலியாணம் செய்தது ஒரு பன்முகக் கலைஞரையா, ஓடிக்கொண்டே இருந்த ஒருவரையா?

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீர் நம்பினீர். நீர் நம்பேக்கை எனக்கும் நம்ப ஏலுமா இருந்தது."

அந்த இலையுதிர்காலத்தில் மேடையேறினீர்கள். பழைய ஓவியங்களில் குழலை இடப்பக்கம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள் என்று சபைக்கு விளக்கினீர்கள். அது உண்மைதான். வாசித்து முடித்தபோது ஆட்கள் எழுந்து நின்றார்கள். எவ்வளவு துணிச்சலான தேடல் என்று ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியது அந்த வலது கையைத்தான். நீங்கள் நன்றி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

காரில் கேட்டீர்கள், "நான் பொய் சொன்னனானோ?"

"பொய் எண்டும் இல்லை" என்றேன்.

அதன்பிறகு நீங்கள் தொட்ட எதையும் நான் சும்மா விடவில்லை. பாடகர் குழுவை நடத்தப் போகிறேன் என்றபோது கையைப் பார்த்தேன். இத்தாலியப் பழைய பாடல்களைத் தேடிப் போகிறேன் என்றபோதும் பார்த்தேன். ஒருநாள் உங்களுக்குக் கோபம் வந்தது. "ஒருக்கா எண்டாலும் ஆசையிலை செய்யிறன் எண்டு நம்பும்!"

"எப்பிடி நம்புறது? நீங்கள் சந்தோசமாச் சொல்லேக்கைதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

வலது கையை விரித்துப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "எனக்கும்தான். ஆசையோ ஓட்டமோ எண்டு எனக்கே வடிவாத் தெரியாது." நீங்கள் எனக்குச் சொன்னவற்றில் நான் சந்தேகப்படாத ஒரே வார்த்தை அது.

அந்த இலையுதிர்கால நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் கேட்டால் போடுவேன். அவர்கள் கண்ணை மூடிக் கேட்கிறார்கள், அழகாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்க வராது. ஒவ்வொரு சுரத்திலும், இதிலே மடங்கியிருக்குமோ, இதை எப்படித் தப்பினார் என்று உங்கள் விரல்களின் பின்னாலேயே போகிறேன். கடைசிச் சுரம் வந்து நிற்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை.