நாலு சுற்றில் நின்ற நட்டு

வாடா போடா என்றே கூப்பிட்டுப் பழகிய என் அருமைத் தரணிக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. கடையைத் தினமும் ஒன்பது மணிக்குத் திறக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ போன அன்றைக்கும் அழவில்லை, இதுவரைக்கும் அழவில்லை. என் வீட்டுக்காரி அதைக் கவனித்துவிட்டு ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்றாள். என்னவென்று சொல்வது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஊரில் மல்லாட்டை நல்ல விளைச்சல். மார்க்கெட் கமிட்டி வாசலில் கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் தெருமுனை வரைக்கும் நிற்கின்றன. உன் உரக்கடையை உன் நைனா காலையில் மட்டும் திறக்கிறார். பெண் கீர்த்தி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். முன்பல் இரண்டும் விழுந்து முளைத்தாயிற்று. நீ பார்த்தது விழுந்ததை மட்டும்தான்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடச் சொன்னது உன் பத்மா. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாண்டிச்சேரியில் யாரோ கழற்றி விற்ற நாலு அலாய் வீலை உன் காருக்கு வாங்கிக்கொண்டு என் டயர் கடைக்கு வந்தாய். மாட்டிப் பார்த்தோம். வண்டியை நகர்த்தியதுமே முன் டயர் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசியது. நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வீல் அளவு ஒன்றுதானே, அப்புறம் ஏன் இடிக்கிறது என்று கேட்டாய்.

ஒரு வீலைக் கவிழ்த்துப் போட்டு உள்பக்கம் பொறித்திருந்த எண்ணைக் காட்டினேன். வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொள் என்றேன். வண்டியோடு போய் ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலேயே இருக்காது. அதைவிட்டு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்தத் தள்ளல்தான் ஆஃப்செட். உன் வண்டிக்கு வேண்டியது நாற்பது மில்லிமீட்டர். நீ வாங்கி வந்ததில் ஐம்பத்திரண்டு. எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும். பன்னிரண்டு மில்லி உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

அதற்கு வழியும் நானே சொன்னேன். வண்டிக்கும் வீலுக்கும் நடுவில் பன்னிரண்டு மில்லி கனத்தில் ஒரு அலுமினிய வட்டு வைத்தால் சக்கரம் பழைய இடத்துக்கு வந்துவிடும். அதற்குப் பெயர் ஸ்பேசர். என்னிடம் இருந்தது. இல்லாதது நீள ஸ்டட், அதாவது வீலை மாட்ட வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற மரை போட்ட கம்பி. வட்டு வைத்ததும் ஸ்டட் பன்னிரண்டு மில்லி உள்ளே மறைந்து போகும், நட்டு பிடிக்க மரை போதாது. எட்டுச் சுற்றாவது ஏற வேண்டிய நட்டு உன் வண்டியில் நாலு சுற்றில் நின்றது. சென்னையிலிருந்து செவ்வாய்க்கிழமை நீள ஸ்டட் வந்துவிடும், அதுவரைக்கும் பழைய சக்கரத்திலேயே ஓட்டு என்றேன்.

நீ கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் புது வீலோடு போய் இறங்க வேண்டும் உனக்கு. "செவ்வாக்கெழம வரிக்கும் ஊர்ந்துனே போறேன்டா, நீ மாட்டு" என்றாய்.

நான் மாட்டினேன்.

பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவன் நான். வேறு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேனா? அதைத்தான் தினமும் யோசிக்கிறேன். இல்லை, அவர்களுக்கும் மாட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டட் சொன்னபடி செவ்வாய்க்கிழமையே வந்தது. நீ வரவில்லை. அடுத்த நாள் அமாவாசை. மலையனூர் கோயிலுக்குப் போகிற வண்டிகள் பஞ்சரும் காற்றுமாகக் கடை வாசலில் வரிசை கட்டி நின்றன. உனக்கு ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வியாழக்கிழமையும் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்குத்தான் போன் வந்தது. அனந்தபுரம் ரோட்டில் உன் வண்டி புளியமரத்தில் மோதிக் கிடக்கிறது என்றார்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். வண்டி மட்டும் இருந்தது. முன் இடது சக்கரம் நாற்பது அடி தள்ளி மல்லாட்டைக் கொல்லையில் கிடந்தது. டயர் வெடித்துவிட்டது என்று நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் போய் டயரை அழுத்திப் பார்த்தேன். காற்று அப்படியே இருந்தது. வண்டிப் பக்கம் வந்து ஸ்டட்டைப் பார்த்தேன். நுனியில் மட்டும் மரை வழித்துக்கொண்டு போயிருந்தது. நாலு சுற்று.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ இல்லை என்று சொன்னபோதும், மறுநாள் எடுத்தபோதும், உன் நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு டயரைத் திட்டியபோதும் சும்மாவே நின்றேன். உடம்பு மொத்தமும் மரத்துப்போன மாதிரி இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

மூன்றாவது மாதம் வல்லத்தில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அன்றைக்கு கீர்த்தி பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தாளாம். சீக்கிரம் வாங்க என்று இவள்தான் உனக்கு போன் செய்தாளாம்.

"நான் போன் பண்ணாம இருந்திருந்தா அவரு நிதானமா வந்திருப்பாரு, இல்லண்ணா?"

அவள் அழவில்லை. உரித்துக்கொண்டே கேட்டாள். எத்தனை நாளாக அதை மனசில் வைத்திருக்கிறாளோ. அப்படியெல்லாம் நினைக்காதே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தரணி, உன் வண்டிச் சக்கரம் கழன்றதைவிட இதுதான் பெரிய தப்பு என்று எனக்குப் படுகிறது. அப்போதும் சொல்லாமல் வந்தேன் பார்.

பதினோரு நாள் கழித்து மறுபடியும் போனேன். உங்கள் வீட்டில் சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவீர்கள் என்பதால் நாலு மணிக்கே போய்விட்டேன். ஒரு துணிப்பையில் ஸ்பேசர் ஒன்று, வீலின் கனத்துக்குத் துளை போட்ட தகடு ஒன்று, பழைய அளவு ஸ்டட் ஒன்று, ஒரு நட்டு கொண்டுபோனேன். இரண்டு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன்.

"பத்மா, அது உன் போனால இல்ல. டயரும் வெடிக்கல. நான் மாட்டனதுதான் கழண்டுச்சி" என்றேன்.

அவள் புரியிற மாதிரி சொல்லுங்க என்றாள். உன்னிடம் சொன்ன அதே ஆஃப்செட் கதையை அவளிடமும் சொன்னேன். வட்டையும் தகட்டையும் ஸ்டட்டில் செருகிக் காட்டினேன். நட்டை அவளே வாங்கித் தன் கையால் முடுக்கினாள். ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினாள். நாலு வந்ததும் நட்டு தகட்டில் முட்டி நின்றுவிட்டது.

"எத்தினி இருக்கணும்?"

"எட்டு."

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து உள்ளே போனாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. உன் நைனாவுக்குச் சோறு போட்டாள். கீர்த்தியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டுச் சத்தம் எல்லாம் கேட்டது. எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் திட்டினால் தேவலை, செருப்பால் அடித்தால் இன்னும் தேவலை என்று இருந்தது.

திரும்பி வந்து வாசல்படியிலேயே நின்றாள்.

"இதே மாதிரி இன்னும் யார் யாருக்கு மாட்டிக் குடுத்திருக்கீங்க?"

அண்ணா என்ற சொல் அதில் இல்லை. அன்றிலிருந்து இன்று வரைக்கும் இல்லை.

யோசித்துச் சொன்னேன். ஆறு பேர். அவங்க வீட்லயும் யாராவது போன் பண்ணிட்டு காத்துனு இருப்பாங்க, போயி கழட்டுங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். கூப்பிடும்போது வரச் சொன்னார்கள். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போவேன். அங்கிருந்து நேரே வண்டிகளைத் தேடிக் கிளம்பினேன்.

சிங்கவரத்தில் ஒருவர் சிரித்தார். ஒரு வருஷமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை, இப்போது என்ன வந்தது என்றார். உன் பேரைச் சொன்னேன். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் அகலமாக நிற்பதுதான் வண்டிக்கு அழகு என்று ஒரே பிடிவாதம். அவருக்கு நீள ஸ்டட் போட்டு, நட்டு எட்டுச் சுற்று ஏறுகிறதா என்று அவரையே எண்ண வைத்து, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி மறுபடியும் முடுக்கிப் பார்த்தேன். ஸ்பேசர் போட்டால் அப்படித்தான் போட வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் யாராவது போட்டிருந்தால் இன்றைக்கே இறங்கிப் பாருங்கள்.

அனந்தபுரத்தில் ஒரு நர்ஸம்மா. தினமும் டியூட்டிக்கு அந்தக் காரில்தான் போகிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டு. முன் சக்கரத்தில் ஸ்பானரை வைத்தேன். திருப்பவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு நட்டு விரலால் கழன்று வந்தன. அந்தம்மா பக்கத்தில் நின்று ஸ்டியரிங் கொஞ்ச நாளாக ஆடுகிறது, அலைன்மென்ட் பார்க்க வரலாம் என்றிருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நட்டு இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பத்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அப்புறம், இதை எழுதுங்க, எல்லாரும் பார்க்கற மாதிரி எழுதுங்க என்றாள்.

ஐந்து வண்டி ஆயிற்று. ஆறாவது கைமாறித் திருவண்ணாமலைப் பக்கம் போயிருக்கிறது. வாங்கியவர் பேர் கிடைத்திருக்கிறது, ஊர் கிடைக்கவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, தரணி. கீர்த்திக்கு யார் சொல்வது என்று பத்மாவிடம் கேட்டேன். "நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு வெவரம் வந்ததும் நீங்களே சொல்லணும்" என்றாள். போன வாரம் போனபோது கீர்த்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, செயின் கழண்டுபோச்சு, மாட்டிக் குடு பெரியப்பா என்று என் முன்னால் நிறுத்தினாள். மாட்டிக் கொடுத்தேன். சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

அவளுக்கு நானே சொல்வேன். ஒன்றையும் குறைக்காமல், எதையும் உன் மேல் போடாமல் சொல்வேன். அதற்கப்புறம் அவள் என்னை என்னவென்று கூப்பிடுவாளோ, தெரியாது.

இப்போதைக்கு,
உன் மகளுக்குப் பெரியப்பா,
ஏழுமலை